உழாமல் கிடக்கும் ஓடைக்கரை

என்ரை ஆசை இஞ்சாருங்கோ,

உங்களை எரித்த அன்று அங்கே நின்றவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிடந்தீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். மடியில் எட்டு மாதப் பிள்ளையோடு நான். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார். விஞ்ஞானம் படிப்பித்த கேரளத்து மேரிக்குட்டி ரீச்சர். தலைவருக்கும் சனத்துக்கும் நடுவில் சொல்லுக் கொண்டுபோகிற இந்துனா சக்கரியா, அவர் மனைவி நெலியா. கோடரியோடு உங்கள் வகுப்புப் பொடியள் ஐந்து பேர், அதில் ஒருவன் மோசஸ். அத்தி மரத்தடியில் ங்கோனிச் சனத்தின் தலைவர். இன்னும் ஒருவர் நின்றார். அவர் பெயரைக் கடைசியில் சொல்லுகிறேன்.

இதைப் பேப்பருக்குக் கொடுக்கிறேன். நாலு பேர் வாசிக்கட்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் திருத்துவார்கள், நடந்ததை ஒருவரும் திருத்த வேண்டாம்.

சாம்பியாவில் கணக்கு வாத்தியார் வேலை என்று என்னைக் கூட்டிப் போனீர்கள். இரண்டு மழைக்காலம்தான். மலேரியா ஐந்து நாளில் உங்களைக் கொண்டுபோனது. அந்த ஊரில் எல்லோரையும் மண்ணில் தாழ்ப்பார்கள், எரிப்பதில்லை. நான் எரிக்க வேண்டும் என்றேன், தண்ணீர்க்கரையில் எரிக்க வேண்டும் என்றேன். பள்ளிக்கூட வளவில் தண்ணீர் இல்லை. ஓடை இருந்தது. அதன் கரையில் ஒரு பிடி மண் என்றாலும் தலைவர் வாய் திறந்து தந்தால்தான் நெருப்பு வைக்கலாம்.

தலைவரோடு ஒருவரும் நேரே கதைக்க மாட்டார்கள். நாங்கள் சொல்வதை இந்துனா வாங்கி அவருக்குச் சொல்லுவார். அவர் சொல்வதையும் இந்துனாதான் வாங்கி எங்களுக்குச் சொல்லுவார். அந்தக் காதில் விழுந்த சொல்லுக்கு ஊர் முழுக்கச் சாட்சி. சக்கரியா காலமையே வந்து சொன்னார்: "அம்மா, நான் உங்கட வாய். நீங்கள் முழங்காலிலை இருந்து கையைத் தட்டினால் போதும்."

அந்த நேரம்தான் உங்கள் அண்ணர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அவரும் அங்கே வாத்தியார், ஒரு பஸ் தூரத்துப் பட்டணத்தில். "பட்டதாரி நான், ஒரு காட்டுராசாவுக்கு முன்னாலை முழங்காலிலை இருக்கிறதோ" என்று கேட்டுவிட்டு, தான் வரும்வரை ஒருவரும் தலைவரிடம் போகக்கூடாது என்று சொல்லி, அரசாங்கக் கந்தோரில் கடுதாசி எடுக்கப் போனார். அன்றைக்கு வரவில்லை. மறுநாள் மத்தியானம்தான் வந்தார். அதுவரைக்கும் உங்களை வாழையிலையில் கிடத்தி, நானும் நெலியாவும் மாறி மாறி, மொய்க்கிற இலையானை விரட்டினோம். விறகு வெட்டத் தலைவரின் சொல்லு இல்லாததால் பொடியள் கோடரியை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள்.

வந்தவர் நின்றபடியே, சக்கரியாவைத் தள்ளிவிட்டு, முத்திரை குத்திய கடுதாசியைத் தலைவரின் முகத்துக்கு நேரே நீட்டினார். தலைவர் கடுதாசியைப் பார்க்கவில்லை. எழும்பி உள்ளே போய்விட்டார். சக்கரியா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனுசனின் முகத்தில் இருந்த வெட்கம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அவர் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

பிள்ளையை நெலியாவிடம் கொடுத்தேன். போய் மண்ணில் முழங்காலிட்டேன். கையைக் குவித்துத் தட்டினேன். சந்தையில் பழகின பாஷைதான் எனக்குத் தெரியும். "என்ர மனிசனுக்கு உடம்பெல்லாம் காய்ச்சல். தண்ணிக்கரை வேணும்" என்று சக்கரியாவுக்குச் சொன்னேன். செத்தவருக்குக் காய்ச்சல் என்றேனே, ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் வெளியே வந்தார்.

அவர் சொன்னதைச் சக்கரியா இப்படிச் சொன்னார்: "நெருப்பு எங்கட வழக்கம் இல்லை. ஆனால் எங்கட பிள்ளையளுக்குப் படிப்பிச்ச மனிசன். கரையிலை இடம் தாறன். எல்லாம் முடிஞ்ச பிறகு உங்கட ஆக்களிலை ஒருத்தர் வந்து, முடிஞ்சுது, இடத்தை எடுங்கோ எண்டு சொல்லவேணும். அதுவரைக்கும் அந்த மண்ணிலை மண்வெட்டி விழாது. ஆர் வருவினம்?"

"மூத்தவன் நான், நானே வருவன்" என்றார் உங்கள் அண்ணர். சக்கரியாவின் காதில் சொன்னார். நாங்கள் அத்தனை பேரும் கேட்டோம்.

ஒரு கிழமையில் என்னையும் பிள்ளையையும் பிளேன் ஏற்றினார்கள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் அவருடைய கடிதம் வந்தது. "தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன், ஒன்றுக்கும் கவலைப்படாதே." நான் நம்பினேன். நாற்பது வருஷத்துக்கு மேல் நம்பினேன். உங்கள் திவசத்துக்குத் திவசம் அவருக்குத் தலைவாழையிலை போட்டு, முதல் சோறு வைத்தேன்.

போன மாதம் மோசஸ் வந்தான். தலை நரைத்த மனுசன் இப்போது. கொழும்பில் ஏதோ விவசாயக் கூட்டமாம். தமிழர் இருக்கிற இடம் எது என்று ஹோட்டலில் கேட்டு வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறான். வெள்ளவத்தையில் ஆளைத் தேடினால் மூன்றாவது கடையில் கண்டுபிடிக்கலாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலில் இருந்து கையைத் தட்டினான். பேத்தி பயந்துபோனாள்.

அவள்தான் அவனுடைய இங்கிலீசை எனக்குச் சொன்னாள். அந்தத் தலைவர் இல்லை, அவருடைய மகன் இருக்கிறார். சக்கரியாவும் நெலியாவும் இல்லை, அவர்களின் மகன்தான் இந்துனா. தலைவரின் பகுதியை இப்போது இரண்டாகப் பிரித்து, ஓடையை எல்லையாக்கி, கரைக்கு ஒருவராகச் சின்னத் தலைவர்களை வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அந்தத் துண்டைக் கேட்கிறதாம். சோளம் போட இடமில்லாத சனம். ஆனால் சக்கரியாவின் மகன் விடவில்லை. "செத்தவரின்ரை ஆக்கள் இன்னும் வரேல்லை. என்ர அப்பாவின்ரை காதிலை விழுந்த சொல்லு அப்பிடியே இருக்கு."

கேட்டீர்களா? உங்களை எரித்த இடத்தில் இன்றுவரை ஒரு மண்வெட்டி விழவில்லை. ஒரு வாத்தியார் வந்து ஒரு சொல்லுச் சொல்லவில்லை என்பதற்காக.

மோசஸ் போன மறு ஞாயிறு உங்கள் அண்ணருக்கு எண்பத்தைந்தாம் பிறந்தநாள். காலி வீதியில் மண்டபம், தின்ன ரோல்ஸும் பற்றீசும், அவர் எழுதிய வாழ்க்கைப் புத்தகம் ஆளுக்கு ஒன்று. நாற்பத்தோராம் பக்கத்தில் நீங்கள் கிடக்கிறீர்கள். காட்டுராசா ஒரு மாடு தந்தால்தான் எரிக்கலாம் என்று இரண்டு நாள் பிரேதத்தை மறித்தானாம். இவர் அரசாங்கக் கடுதாசியைக் காட்டி வாயை அடைத்தாராம். அதை மைக்கில் வாசித்தார்கள். மண்டபம் சிரித்தது. எங்கள் மாடிவீட்டுச் சங்கத்துக்குத் தலைவர் யார் என்று மூன்று வருஷமாகக் கோட்டில் வழக்காடி நிற்கிறவர்கள் முன்வரிசையில் இருந்து சிரித்தார்கள்.

உங்கள் அண்ணரின் பக்கத்தில் போய்க் கேட்டேன். "அத்தான், மாடு ஆர் கேட்டது?"

"பிள்ளை, வாசிக்கிறவைக்கு ஒரு சுவை வேணுமெல்லோ."

"சுவைக்கு உப்புப் போடுங்கோ. என்ர மனிசன்ர பிரேதத்தை ஏன் போட்டனீங்கள்? அது கிடக்கட்டும். தலைவரிட்டைப் போய் முடிஞ்சுது எண்டு சொன்னனீங்களே?"

"அது எந்தக் காலத்துக் கதை. கந்தோர்க் கடுதாசி கையிலை இருக்கேக்கை பிறகேன் அவங்களிட்டைப் போவான்? நீயும் ரோல்ஸ் ஒண்டு எடு."

உங்களை எரித்த பிறகு இரண்டு வருஷம் அவர் அங்கேயே படிப்பித்தார். ஒரு பஸ். அரை நாள். எனக்கு எழுதின பொய்க் கடிதத்துக்கு முத்திரை ஒட்டப் போன நேரத்தில் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம்.

எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வாசித்துத்தான் சக்கரியாவை அறிய வேண்டுமா? உங்கள் பிணத்துக்கு இலையான் விரட்டிய நெலியா காட்டுச்சனமா? வீட்டுக்கு வந்த பிரதியில் அந்தத் தாளைக் கிழித்தேன். மற்றவர்களின் வீட்டில் இருக்கிறதைக் கிழிக்க முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இஞ்சாருங்கோ, பாஸ்போட் எடுத்துவிட்டேன். மகள் முழங்கால் நோவைச் சொல்லி மறிக்கிறாள். மண்ணில் இருக்கத்தானே போகிறேன், எழுப்பிவிடப் பேத்தி வருகிறாள். வைகாசியில் உங்கள் திவசம் கழிந்த கையோடு போய், அத்தி மரத்தடியில் கையைத் தட்டி, இந்துனாவின் காதில் சொல்லுவேன்: முடிஞ்சுது, பிந்திப்போச்சு, இடத்தை எடுங்கோ, சோளம் போடுங்கோ. இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. நான் கடிதத்தில் மட்டும் போகிற ஆள் இல்லை.

காய்ச்சலை மன்னித்தேன். பிந்தி வந்த டொக்டரையும் மன்னித்தேன். என்னை அந்த ஊரில் விட்டுப் போன உங்களையும் எப்போதோ மன்னித்துவிட்டேன். அன்றைக்கு அங்கே நின்ற ஒருவரை மட்டும் இந்தக் கட்டை வேகும்வரை மன்னிக்க மாட்டேன். இனி என் வீட்டில் அவருக்கு இலை இல்லை. அவர் பெயர் இராமுப்பிள்ளை சபாநாதன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் தாய், உங்கள் மகேசு
வெள்ளவத்தை