போட் நேரம் காட்டும் வரி

உன் மடிக்கணினியைத் திறந்ததும் சுக்கு வாசம் வந்தது. சுக்குக் கிடங்குக்கு மேல்மாடியில் குடியிருந்தவனின் பொருள் வேறு எப்படி மணக்கும்? விசைகளின் இடுக்கெல்லாம் தூள் படிந்திருந்தது. மகளின் பழைய படங்களை எடுத்துத் தரச் சொல்லி, உன் மனைவி சபீனா இன்று காலை என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். "செல்வண்ணே, இதுல எங்க என்ன இருக்குன்னு எனக்கு அறியாது. நீங்கதான் நோக்கி எடுத்துத் தரணும்" என்று உன் மேஜையிலேயே உட்கார வைத்துவிட்டு, சாயா போட உள்ளே போனாள்.

நாம் நிரல் எழுதுகிற அந்த எடிட்டர் தானாகவே வந்து நின்றது. அதன் அடியில் உன் புகழ்பெற்ற நிலைவரி. இடப்பக்கம் கோப்பின் பெயர், சேமிக்காவிட்டால் காட்டும் நட்சத்திரம், வரி எண். வலப்பக்க ஓரத்தில் 'போட் 14'. எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து, அதாவது ஜெட்டியிலிருந்து, மட்டாஞ்சேரிக்குப் போகும் போட் கிளம்ப இன்னும் பதினான்கு நிமிஷம் என்று பொருள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. ஆறே நாள் காய்ச்சலில் நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் வயிற்றெரிச்சல் மட்டும் போன பாடில்லை.

ஏன் என்று உனக்கே தெரிந்திருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த யோசனை என்னுடையதல்லவா? ஜெட்டிக்குப் பக்கத்துக் கட்டிடத்தில், மூன்றாம் மாடியில் நம் அலுவலகம். வேலை மும்முரத்தில் போட்டைத் தவறவிடுவதும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு தோப்பும்படியைச் சுற்றி வீடு சேர்வதும் நமக்கு வழக்கம். ஒருநாள் ஓடிப்போய் எப்படியோ போட்டில் ஏறிவிட்டோம். மூச்சு வாங்க, வல்லார்பாடத்துக் கிரேன்களைப் பார்த்தபடி நின்றுகொண்டு நான்தான் சொன்னேன்: "நாள் முழுக்க அந்த அடி வரியத்தான பாத்துக்கிட்டிருக்கோம். போட்டுக்கு இன்னும் எத்தனை நிமிஷம்னு அதுலயே காட்டினா என்னடா?"

"அட, அது கொள்ளாமேடா!" என்று பாராட்டி என் முதுகில் ஒன்று வைத்தாய்.

நான் சொன்னதோடு சரி. நீ நான்கே நாளில் செய்துவிட்டாய். பத்து நிமிஷம் இருக்கும்போது எண் மஞ்சளாகும். ஐந்து என்றால் சிவப்பு, அதாவது ஓடு. அலுவலகமே உன் நாற்காலியைச் சுற்றி நின்றது. "நல்ல ரசமுண்டல்லோ!" என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். மட்டாஞ்சேரிப் பக்கமே வராதவர்கள்கூடக் கோப்பைக் கேட்டு வாங்கிப் போனார்கள். நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய். 'இது செல்வம் சொன்னது' என்று ஒரு வார்த்தை வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு எல்லாமே குத்தலாகத் தோன்றியது. ஒவ்வொரு சாயங்காலமும் யாராவது வந்து, "செல்வேட்டா, போட் எத்ர மணிக்கா?" என்று கேட்பார்கள். அவரவர் திரையிலேயே நிமிஷம் ஓடுகிறது, என்னிடம் வந்து என்ன கேள்வி? கேலி செய்கிறார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

உன்னை மிஞ்சிக் காட்ட வேண்டும் என்று நானும் ஒரு நிலைவரி செய்தேனே, நினைவிருக்கிறதா? மழை வருமா, மின்கலம் எவ்வளவு, வந்த மடல்கள் எத்தனை, கிழமை, தேதி, கடிகாரம் என்று ஒன்று விடாமல் திணித்தேன். திரையை இரண்டாகப் பிரித்து வைத்தபோது, அந்தக் கும்பலில் சேமிக்காததைக் காட்டும் நட்சத்திரம் ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. அது கண்ணில் படாமல், திருத்திய கோப்பைச் சேமிக்காமலே பழையதை வாடிக்கையாளருக்கு அனுப்பி வைத்தேன். நீ வந்து எட்டிப் பார்த்தாய். "எடா செல்வா, இது என்ன, பஸ் ஸ்டாண்டு போர்டா?" என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து அதைச் சரிசெய்தும் கொடுத்தாய். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

அந்த வாரம்தான் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குழுத் தலைவராக உன்னைப் போடலாமா என்று கேட்டார். எடிட்டர் பக்கமே வராத மனுஷர் அவர், நான் சொல்வதை நம்புவார். "கைவேலை நல்லா செய்வான் சார். ஆனா யோசனையெல்லாம் அடுத்தவனோடது, பேரு மட்டும் அவனோடது" என்றேன். சொன்னது இவ்வளவுதான். வெளியிலிருந்து வேறொருவரைக் கொண்டுவந்தார்கள். சேதி தெரிந்த சாயங்காலம் உன் முகம் சின்னதாகிவிட்டது. ஆனாலும் நீதான், பரவாயில்லை என்று என் தோளில் கை போட்டு, "சாரமில்லடா, வா, சாயா குடிக்கலாம்" என்றாய். நான் குடித்தேன். உன் காசில்தான்.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். படங்களைத் தேட வந்தவன், முதலில் உன் நிலைவரிக் கோப்பைத்தான் திறந்தேன். செத்தவன் கணினியில்கூட என்னைவிட ஏதாவது நன்றாகச் செய்து வைத்திருக்கிறானா என்று பார்க்கிற புத்தி. போட் நேரம் கணக்கிடும் இடத்துக்கு மேலே, மலையாளத்தில் இரண்டு வரிக் குறிப்பு. எனக்குப் புதிதல்ல. நீ கொடுத்த கோப்பிலும் அது இருந்தது, நூறு தடவை கடந்து போயிருக்கிறேன்.

சாயாவோடு வந்த சபீனா திரையைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களப் பத்தி எழுதியிருக்காங்களே!"

"எங்க?"

"இதோ, மேலயே. 'செல்வத்தோட யோசனை இது. போட்டுல வெச்சு சொன்னான். எழுதினது மட்டுந்தான் நான்.' ஏன், நீங்க இது வாயிச்சதில்லயா?"

எப்படி வாசித்திருப்பேன்? தென்காசியிலிருந்து வந்த முதல் மாதம், உன் தெரு முனைச் சாயாக்கடையில் வைத்து, "மலையாளம் வாயிக்க அறியுமா?" என்று கேட்டாய். "பின்னே!" என்றேன். சுவரிலிருந்த விலைப்பலகையை வாசிப்பதுபோல் பார்த்துவிட்டு, பக்கத்து மேஜையில் என்ன இருந்ததோ அதையே கொண்டுவரச் சொன்னவன் நான். வீட்டில் தமிழ் பேசினாலும் உனக்குத் தமிழ் எழுத்து வராது. என் கல்யாணப் பத்திரிகையை எழுத்துக்கூட்டி, மண்டபத்தின் பெயரைப் பெண்ணின் பெயர் என்றாய். அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். என் வண்டவாளத்தை மட்டும் எட்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் மூடி வைத்தேன். நீயோ, அவன்தான் வாசிப்பானே என்று எழுதி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாய்.

கோப்பை வாங்கிப் போன அத்தனை பேரும் அதை வாசித்திருக்கிறார்கள். அதனால்தான் போட் நேரத்தை என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். அது கேலி இல்லை, அந்த யோசனைக்குச் சொந்தக்காரன் என்று அவர்கள் எனக்குச் செய்த மரியாதை. நான் ஒருத்தன் மட்டும் அதை வாசிக்காமல், மேனேஜர் அறைக்குள் போய் உன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டு வந்தேன்.

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது சபீனா" என்றேன். அவள் சாயாவை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "இத அவங்ககிட்ட சொல்லியிருந்தா, வாயாலயே சொல்லியிருப்பாங்களே அண்ணே" என்றாள். மேனேஜரிடம் நான் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. படங்களை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு மேனேஜரைப் பார்த்து அன்று சொன்னது பொய் என்று சொல்லப் போகிறேன். உனக்கு அதனால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை, தெரியும். ஆனாலும் அவர் அறையில் உன் பெயர் அப்படியே கிடக்கக் கூடாது.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய். இப்போதுதான் உன்மேல் சரியான பொறாமை வந்திருக்கிறது. அந்த நிலைவரியை முட்டி மோதி நானும் ஒருநாள் எழுதியிருப்பேன். நிறத்தைக்கூட உன்னைவிட நன்றாகப் போட்டிருப்பேன். ஆனால் யோசனை உன்னுடையதாகவும் கோப்பு என்னுடையதாகவும் இருந்திருந்தால், மேலே இருக்கும் அந்த இரண்டு வரியை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.