காதில் சொல்லும் வார்த்தை

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். பாண்டி ஆஸ்பத்திரியில் பதினோரு மணிக்கு மேல்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். என் குரல்வளை. கட்டி அதைத் தாண்டிவிட்டதாம். முழுவதும் எடுத்தாக வேண்டும். கழுத்தில் ஒரு துளை. மூச்சு இனி அந்த வழியாக. பேச்சு எப்படி என்று கேட்டேன். "இந்தக் குரல் இருக்காதும்மா. வேற வழிங்க இருக்கு, ஆபரேஷனுக்கு அப்புறம் பாப்போம்" என்றார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாதக் கரகரப்பு. கிரவுண்டில் கத்திக் கத்தி வந்தது என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு. நான் கத்துகிற கோச்சே இல்லை.

21ஆம் தேதி அட்மிஷன். அதற்கு முன் மாவட்டக் கூடைப்பந்துப் போட்டி.

வாங்க வேண்டியவை: கோதுமை மாவு, துணி சோப்பு, புது விசில். எழுதிய பிறகுதான் உறைத்தது. காற்று இனி வாய்க்கே வராது. விசில் மேல் மட்டும் கோடு போட்டுவிட்டேன்.

ஜூலை 9, புதன்

விழுப்புரத்தில் ரயில் தாமதம். திண்டிவனம் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பிரேயர் முடிந்துவிட்டது. ஹெச்.எம். அழுதார். பிறகு டீம் இனி கௌசல்யா பொறுப்பு என்றார். ஜூனில் சேர்ந்த புது பி.டி. டீச்சர். கல்லூரி அணியில் ஆடியவள், கை நல்ல கை. தோற்றால் வேலை போய்விடும் என்று பயம் அவளுக்கு. அதனால் கோர்ட்டில் ஓயாத சத்தம்.

மாலையில் கௌ.வை உட்கார வைத்துச் சொன்னேன். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளில் ஒரே ஒரு திருத்தம். முதலில் கால், அப்புறம்தான் கை. பந்து காற்றில் இருக்கும்போது வாயைத் திறக்காதே. தப்பு செய்தவள் உடனே பெஞ்சைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் உன் முகம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அவளுடைய அடுத்த ஷாட் இருக்கும்.

எல்லாவற்றையும் போனில் தட்டிக்கொண்டாள். "அவ்ளோதானா மிஸ்? ஆனா நீங்க ஒண்ணு சொன்னா உடனே செய்யுதுங்களே, அது எப்டி?"

தொண்டை வலி. நாளைக்கு என்றேன்.

ஜூலை 10, வியாழன்

புழுக்கம். மத்தியானம் கரண்ட் இல்லை.

கௌ.விடம் வார்த்தைகளைச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வார்த்தை உண்டு. பக்கத்தில் போய்க் காதில் சொல்வேன், அவ்வளவுதான். ஒருத்திக்கு 'கதவு'. ஒருத்திக்கு 'மெல்ல'. அவர்களோடு பேசிப் பேசி அவர்களிடமிருந்தே எடுத்தது.

நஸ்ரினுக்கு 'மல்லாட்டை', எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. பத்தாம் வகுப்பு, கோட்டக்குப்பம் பெண், ஹாஸ்டல். அப்பா சவுதியில். ஓடும்போது புலி; ஃப்ரீ த்ரோ கோட்டில் தனியாக நின்றால் மூச்சு நின்றுவிடும். போன வருடம் ஒரு நாள் அழுதாள். வீட்டில் எப்போது உனக்கு எந்த நினைப்பும் வராது என்று கேட்டேன். அம்மாவோடு உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கும்போது என்றாள். அன்றிலிருந்து அதுதான். சொன்னதும் சின்னதாகச் சிரிப்பாள், தோள் இறங்கும், மூச்சு விடுவாள், போடுவாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள்.

வேறு யாருக்கு விட்டுப் போவது? சொன்னேன்.

ஜூலை 15, செவ்வாய்

தூறல். கோர்ட் வழுக்கியது, ஹாலில் வெறும் பாஸிங். கௌ. நன்றாகத்தான் செய்கிறாள். சத்தம் மட்டும் குறையவில்லை. இரண்டு முறை சைகை காட்டினேன். "சாரி மிஸ்" என்று அதையும் கத்திச் சொன்னாள்.

பேச்சைக் குறைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. எனக்கே என் குரல் கேட்கப் பிடிக்கவில்லை. தகரத்தை இழுப்பதுபோல்.

இவர் விக்கிரவாண்டி பட்டறையில் ஒரு மாதம் லீவு கேட்டிருக்கிறார். லாரிக்கு பாடி கட்டும் வேலை, ஆள் மாற்ற முடியாதாம். பதினைந்து நாள் கிடைத்தது.

இரவு உணவு: கேப்பைக் கூழ். இப்போது அதுதான் இறங்குகிறது.

ஜூலை 19, சனி

வி.புரம் மைதானம். அரையிறுதி. பெஞ்சில் கௌ. நான் இவரோடு கேலரியில்.

கடைசி நிமிடம் வரை நன்றாக ஆடினார்கள். ஒரு பாயின்ட் பின்னால். நஸ்ரினைத் தள்ளிவிட்டார்கள், இரண்டு ஃப்ரீ த்ரோ. கோட்டில் நின்றாள். பெஞ்சைப் பார்த்தாள். அப்புறம் கேலரியில் என்னைத் தேடினாள். நான் எழுந்தேன்.

அதற்குள் கௌ. கையைக் குவித்துக் கத்தினாள். "நஸ்ரின், மல்லாட்டை! மல்லாட்டை!"

மைதானம் முழுக்கக் கேட்டது. எதிரணிப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவர்கள் கேலரியும் அதையே பிடித்துக்கொண்டது. கை தட்டிக்கொண்டே மல்லாட்டை, மல்லாட்டை. நஸ்ரின் முகம் கறுத்துவிட்டது. நிறுத்துங்கள் என்று நான் கத்தினேன். வெறும் காற்று. பக்கத்தில் நின்ற இவருக்கே கேட்கவில்லை.

முதல் பந்து வளையத்தைத் தொடவே இல்லை. இரண்டாவது, பலகையின் ஓரத்தில் பட்டு வெளியே போனது.

தோல்வி பெரிதில்லை. படியிறங்கிப் போனேன். நஸ்ரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் இல்லை.

"அத ஏன் மிஸ் அவங்ககிட்ட சொன்னீங்க?"

பதில் வருவதற்குள் வேனில் ஏறிவிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். நேற்றே அண்ணன் வந்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டானாம். வீட்டு நம்பருக்கு நாலு முறை அடித்தேன், எடுக்கவில்லை.

பெட்டி: நைட்டி 3, துண்டு 4, ஸ்கேன் கவர், ஜெபமாலை, இந்த டைரி.

பிறகு எழுதி மன்னிப்புக் கேட்கலாம் என்கிறார் இவர். எழுதுவது வேறு.

ஜூலை 21, திங்கள்

மேகமூட்டம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவைக் கோட்டக்குப்பத்துக்கு விடச் சொன்னேன். நஸ்ரினின் அம்மா உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். விஷயம் தெரியும்போல, என் கழுத்தைப் பார்க்காமலே பேசினார்.

"ரூம்லதான் இருக்குது மிஸ். கூப்ட்டுக்கினேதான் இருக்கேன், தொறக்க மாட்டேங்குது. கோவிச்சுக்காதீங்க."

மூடிய கதவின் முன்னால் நின்றேன். இருந்த குரலை எல்லாம் சேர்த்துச் சொன்னேன். தப்பு என்னுடையது. கேட்காமல் கொடுத்துவிட்டேன். கௌசல்யா மிஸ் மேல் கோபப்படாதே, அவளுக்குத் தெரியாது. உனக்கு ஆட்டம் வரும், வார்த்தை இல்லாமலும் வரும்.

உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம். கேட்டதா தெரியவில்லை. என் குரல் கதவைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

நாலு மணிக்கு வார்டில் படுக்கை கிடைத்தது.

ஜூலை 22, செவ்வாய்

காலை ஆறு. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. உன் குரலைப் போனில் பிடித்து வைத்துக்கொள்ளட்டுமா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன், இந்தக் குரல் என்னுடையதில்லை. முகம் சுருங்கிவிட்டது. சரி, பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். போனை நீட்டினார். என்ன பேசுவது? சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். அதைத்தான் வைத்திருக்கிறார்.

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

ஜூலை 31, வியாழன்

இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது. மூக்கில் குழாய், அதில் கஞ்சி. கழுத்தில் துளை. இருமினால் சளி அங்கிருந்து வருகிறது. வாசனை எதுவும் தெரியவில்லை. பக்கத்துப் படுக்கைக்கு சாம்பார் வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள், காது போனதுபோல.

கௌ. வந்தாள். ஆரஞ்சு வாங்கி வந்திருந்தாள், என்னால் விழுங்க முடியாது என்று பார்த்ததும் பையைப் பின்னால் மறைத்தாள். நஸ்ரின் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாளாம். கோர்ட் பக்கமே வருவதில்லை.

"நீங்க சொன்ன வார்த்தையத்தானே மிஸ் சொன்னேன். நான் என்ன தப்பு பண்ணேன்?"

பேசுவதற்கென்று நர்ஸ் கொடுத்த சின்னப் பலகையில் எழுதினேன்: அது வார்த்தையில் இல்லை. பக்கத்தில் போவதில் இருக்கிறது.

படித்தாள். "பக்கத்துல போனா விலகிப் போறா மிஸ்."

போய்க்கொண்டே இரு என்று எழுதினேன். என்னிடமிருந்து எடுத்ததை விட்டுவிடு. அவளோடு பேசு. முதலில் பந்தைப் பற்றிப் பேசாதே.

அழுதாள். நானும். எனக்குச் சத்தம் வரவில்லை, துளையில் சளிதான் கொதித்தது. பயந்து நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

ஆகஸ்ட் 6, புதன்

வீடு. மழை. ரிசல்ட் வந்தது. கழுத்து நெறிக்கட்டியிலும் இருக்கிறதாம். கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், ஆறு வாரம். அதற்குப் பிறகு பார்ப்போம் என்றார் டாக்டர். அந்த 'பார்ப்போம்' போன மாத 'பாப்போம்' மாதிரி இல்லை.

இவர் மறுபடி வேலைக்குப் போய்விட்டார். போகும்போது கதவை வெளியே பூட்டட்டுமா என்றார். யாராவது வந்தால் குரல் கொடுக்க முடியாதே என்று. திறந்தே இருக்கட்டும் என்று கையைக் காட்டினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில் திரும்பிவிட்டது. கழுத்துத் துணி மூன்று துவைத்துக் காயப்போட்டேன்.

மாலை ஐந்தேகால். போன். கௌ. பழக்கத்தில் எடுத்துவிட்டேன். அவளும் பழக்கத்தில்தான் அடித்திருக்கிறாள்.

"மிஸ், ரெண்டு பேருக்குக் காலு வலிக்குதுன்றாங்க, இன்னிக்கு ஓட்டம் வேணாம்னு விட்ருட்டுமா..." சட்டென்று நின்றது. பின்னால் பந்து தட்டும் சத்தம்.

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "நஸ்ரின் வந்து கிரவுண்டு கேட்டாண்ட நிக்கிறா மிஸ். யூனிஃபார்ம்லதான். லைன்லயே இருங்க" என்றாள்.

போனை எங்கோ வைத்தாள், சிமென்ட் பெஞ்சாக இருக்கும். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. பந்து நின்றது. பெண்களும் நிறுத்திவிட்டார்கள்போல. கத்துவாள் என்று பயந்து காத்திருந்தேன்.

கத்தவில்லை. ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. நஸ்ரின் ஏதோ சொன்னாள், அதுவும் கேட்கவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டேன், பிறகு அது என் காதுக்கானது இல்லை என்று கீழே வைத்துவிட்டேன்.

நாளை முதல் கதிர்வீச்சு. காலை ஆறு மணி பஸ்.