பதினொரு மணிக் கூட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். முட்டிவலி மாத்திரையை உணவுக்குப் பிறகுதானே போடுகிறீர்கள்?

அலுவலகத்தில் தினமும் பதினொரு மணிக்கு என் குழுவினர் ஒன்பது பேரையும் உட்காரவைத்து, யார் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு மணி நேரம் கேட்பேன். திங்கட்கிழமை, குழுவில் மூத்த அக்கா கேட்டுவிட்டார்.

"செய்யறதையே சொல்லிட்டிருந்தா, எப்ப தம்பி செய்யறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கூட்டத்தை நிறுத்தினேன். ஒரு மாதமாக இழுத்த வேலை வியாழனன்றே முடிந்தது. ஐந்து மணிக்கெல்லாம் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அப்பா, அந்தக் கூட்டம் வேலைக்காக இல்லை. நாளில் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பேச ஆள் இருந்தது.

அம்மாவின் பழைய போர்வை ஒன்று அனுப்புங்கள். 'அவன் வேலையா இருப்பான், கூப்பிடாதே' என்று இனி அவளைத் தடுக்காதீர்கள். மாலையில் சும்மாதான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்