தீப்பற்றும் சரக்கா?

அன்புள்ள பத்மஜா,

பேரன் ராத்திரி தூங்கவிடுகிறானா? போனில் பேசினால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சௌக்கியம். இங்கே பெஹாலாவில் மழை.

கிடர்பூர் துறைமுக ஆபீசில் புது சாஃப்ட்வேர் வந்ததைச் சொன்னேனே, கற்றுக்கொடுக்க ஒருவரும் வரவில்லை. நானே தட்டித் தட்டிப் பழகினேன். கன்டெய்னர் பெட்டி கப்பலேறும் முன் "தீப்பற்றும் சரக்கா?" என்று ஒரு கட்டம் கேட்கும். "ஆம்" போட்டால் திரை அப்படியே நின்றுவிடும். "இல்லை" போட்டால் நகரும். அதுதான் வழி என்று நினைத்து எல்லோருக்கும் அப்படியே காட்டிக்கொடுத்தேன். புதிதாகச் சேர்ந்த சுதேஷ்ணா என்னை குருஜி என்றே கூப்பிடுகிறாள்.

இன்றுதான் உதவிப் பக்கத்தைப் படித்தேன். "ஆம்" என்றால் ஒரு சான்றிதழை இணைக்க வேண்டுமாம், அதற்காகத்தான் திரை நின்றிருக்கிறது. அந்தப் பதிலைப் பார்த்துத்தான் கப்பலில் பெட்டியை எங்கே அடுக்குவது என்று முடிவு செய்வார்களாம்.

காலையில் ஏறிய பெட்டி முழுக்க பெயிண்ட் தின்னர். எங்கே வைத்தார்களோ! கப்பலில் இருபது பேர். சாயங்காலம் ஆற்றில் ஜோவார் வந்து தண்ணீர் ஏறியதும் டாக் கதவைத் திறந்து கப்பலை வெளியே விட்டுவிடுவார்கள்.

மணி மூன்று. மேனேஜர் அறை எதிரிலேயே இருக்கிறது. நாலு தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் இனி யார் என்னை வேலைக்கு...

ஒன்று சொல்லவில்லையே. அந்தப் பெட்டியைப் பதிந்தது நான் இல்லை. திரையில் இருப்பது சுதேஷ்ணாவின் பெயர். என் பெயர் எங்குமே இல்லை.

இப்போதுதான் எனக்கு டீ வைத்துவிட்டுப் போனாள்.

உன்
பயந்தாங்கொள்ளி