இசையில் நாட்டமும் கொண்டிருந்தார்

உன் கல்வெட்டில் அச்சு மை இன்னும் மணக்கிறது. நேற்று அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து வெளிக்கிடும்போது உன் அம்மா ஒரு பையில் வடையும் வாழைப்பழமும் போட்டு, மேலே இதையும் வைத்துத் தந்தார். முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் கொடுக்கிற நினைவுப் புத்தகம்தான். முன்பக்கத்தில் அடையாள அட்டைப் படத்தில் நீ முறைத்துக்கொண்டிருக்கிறாய். உள்ளே தேவாரம், உங்கள் வம்சம், உன் பெயரை நாலு இடத்தில் செருகிய ஒரு புலம்பல். அதற்கும் பிறகுதான் உன் வாழ்க்கை வரலாறு. அதை எழுதும் வேலையை என்னிடம் தந்திருந்தார்கள், நான் டீச்சர் என்றபடியால்.

நான் எழுதிக் கொடுத்தது: "இவர் ஒரு ராப் இசைத் தயாரிப்பாளர்." அச்சில் வந்திருப்பது: "கைத்தொலைபேசி திருத்தும் தொழிலைச் செய்துவந்த இவர், இசையில் நாட்டமும் கொண்டிருந்தார்."

பத்து வருடத்துக்கு மேல் நீ செய்த வேலை அந்த 'உம்'முக்குள் அடங்கிவிட்டது. உன் அப்பாவையும் குறை சொல்ல முடியவில்லை. அச்சகத்துக்குக் கொண்டுபோவதற்கு முதல் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவர்தான்.

"பிள்ளை, தயாரிப்பாளர் எண்டால் படத்துக்குக் காசு போடுறவர் எல்லோ? ஊர் சிரிக்கும்."

"இல்லை அங்கிள், பாட்டுக்கு இசை செய்யிறவரையும் அப்பிடித்தான் சொல்லுறது."

"அப்ப அவன் செய்த பாட்டு ஒண்டைச் சொல்லு. நானும் கேட்டிருப்பன்."

எதைச் சொல்ல? யாழ்ப்பாணத்துப் பொடியள் எத்தனை பேர் நீ செய்த இசையை, உன் பீற்றை, வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் பெயரில் பாட்டு விட்டார்கள். கனடாவில் ஒருவன் உன் பெயரைப் போட மறந்துபோனானாம். நான் கொதித்தபோது நீ சிரித்தாய். "விடு. அந்தப் பாட்டுக்குள்ளை தாளமா அடிக்கிறது இணுவிலிலை வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிற மெசின். கேக்கிறவனுக்குத் தெரியாட்டிலும் மெசினுக்குத் தெரியும்." அப்போது அது எனக்கு நல்ல பதிலாகத்தான் பட்டது. உன் அப்பாவிடம், "உங்கடை விருப்பம் போலை போடுங்கோ அங்கிள்," என்றேன்.

உன்னை எனக்குத் தெரியவந்ததே ஒரு களவால். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நீ வேலை செய்த கடையில் போனைத் திருத்தக் கொடுத்தேன். எடுக்க வந்தபோது, "டீச்சர், உந்தக் குரல் ஆரின்ரை?" என்றாய். பாடம் எழுதிக் களைத்த நேரங்களில் எனக்காகச் சொல்லிப் பதிந்துவைத்த ராப் வரிகள். என் அப்பா தேவாலயத்தில் பிரசங்கிக்கிறவர். இதெல்லாம் அவர் காதுக்குப் போனால் முடிந்தது கதை.

"மற்றவையின்ரை போனுக்குள்ளை இருக்கிறதைக் கேக்கலாமோ?"

"ஸ்பீக்கர் வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்," என்று கூசாமல் சொன்னாய். பிறகு, "குரல் நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனால் பிரசங்கம் வைக்கிறியள். பிரசங்கம் வேண்டாம், கதையைச் சொல்லுங்கோ," என்றாய். அந்த 'ங்கோ' அடுத்த மாதமே போய்விட்டது.

உன் ஸ்டூடியோவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மணம். உன் அப்பா முந்திப் புகையிலை போட்டு வைத்த மண் கொட்டில். தடித்த சுவர், ஜன்னல் இல்லை. "இப்பிடி ஒரு அறை கொழும்பிலையும் இல்லை," என்று பெருமை வேறு. சுவரெல்லாம் சாக்கும் பழைய மெத்தையும். அந்த மணத்தில் பாதி நாள் எனக்குத் தும்மல்.

ஆனால் உன் அருமையான அறையின் கதவை மூட முடியவில்லை. குமர்ப்பிள்ளை ஒருத்தி உள்ளே இருக்கிறாள், ஊர் என்ன கதைக்கும்? நான் வருகிற சனிக்கிழமைகளில் உன் அம்மா பேசாமல் திருவலையையும் தேங்காயையும் எடுத்துக்கொண்டு வந்து கொட்டில் வாசலில் இருந்துவிடுவார். நான் ராப் சொல்ல, அவர் தேங்காய் திருவ, பக்கத்துத் தோட்டத்தில் மெசின் அடிக்க, இப்படித்தான் ஒலிப்பதிவு நடந்தது.

அதற்கு நீ ஒரு வழி வைத்திருந்தாய். ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் வெறும் அறையைக் கொஞ்ச நேரம் பதிவாய். அந்த இரைச்சலைக் கணினிக்குக் காட்டிக் கொடுத்தால், பிறகு பாட்டுக்குள் இருந்து அதைக் கழித்துவிடும். "கொஞ்சம் வாயைப் பொத்து. அறை கதைக்கட்டும்," என்பாய். நான் மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்பேன். பிறகு உன் குரல் வரும்: "ஓம், சொல்லு." அந்தச் சொல்லோடு நான் மூச்சு எடுத்துத் தொடங்க வேண்டும்.

அளவெட்டிப் பக்கம் நல்ல தவில்காரர் இருக்கிறார்களே, நாலு அடி போட்டால் வெளிநாட்டில் விரும்புவார்கள் என்று எத்தனையோ பேர் உனக்குப் புத்தி சொன்னார்கள். "தவில் நல்லாத்தான் இருக்கு. அவையின்ரை பாட்டிலை அவை அடிக்கட்டும்," என்று முடித்துவிடுவாய். ஒரேயொரு தரம் மேடை கிடைத்தது, ஒரு விளையாட்டுக் கழகத்தின் பரிசளிப்பு. முதல் பாட்டு முடிய முன்னமே தலைவர் மேலே ஏறி வந்து, "தம்பி, சனம் எழும்புது, சினிமாப் பாட்டு ஒண்டைப் போடும்," என்றார். நீ போட்டாய். பாட்டு முடியும்வரை நின்று, வயர்களைச் சுருட்டி, "வா, தேத்தண்ணி குடிப்பம்," என்றாய். அன்றைக்கு நீ கோபப்பட்டிருக்கலாம் என்று இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

நம் ஏழு பாட்டுகள். உன் பெயரை அட்டையில் போடுவதென்று நீயே ஒத்துக்கொண்ட ஒரே வேலை. கேட்கும்போதெல்லாம் "இன்னும் வேகேல்லை" என்பாய். அரைவேக்காட்டை வெளியில் விட மாட்டேன் என்று எனக்குக்கூட ஒரு பிரதி தரவில்லை. மாரி மழையோடு டெங்கு வந்தது. ஆசுப்பத்திரிக் கட்டிலிலும், "நாலாவது பாட்டிலை உன்ரை குரல் கொஞ்சம் பின்னுக்கு நிக்குது. வந்து சரிக்கட்டுவம்," என்றாய். நீ வரவில்லை.

செத்த வீட்டுச் சனம் குறைந்ததும் கணினியைப் பற்றி உன் அப்பாவிடம் கேட்டேன். "அதை அக்காவின்ரை பிள்ளை படிக்கட்டும் எண்டு குடுத்திட்டன்," என்றார். "துடக்கு வீட்டுச் சாமானை அப்பிடியே குடுக்கக் கூடாதெல்லோ. கடையிலை குடுத்து உள்ளையும் வெளியையும் வடிவாத் துப்பரவாக்கித்தான் குடுத்தனான்." உன் உடுப்புகளைத் தோய்த்து மடித்துத் தானம் கொடுத்த அதே கையால், அதே கவனத்தோடு செய்திருக்கிறார். போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு பூப்படம் மட்டும் இருந்தது. அதோடு ஏழு பாட்டும் போய்விட்டன என்று அந்த மனிதரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை.

வரிகள் எனக்குப் பாடம்தான். வேறு யாரிடமாவது போய்ப் பதியலாமே என்கிறார்கள். நீ செய்த இசை இல்லாமல் அது பிரசங்கம்.

நேற்றுச் சனம் போனபிறகு குசினியில் உன் அம்மா கேட்டார். "அவன்ரை பாட்டு ஒண்டைப் போடு பிள்ளை. உன்னட்டை இருக்குமே." என் போனில் உன்னுடையதாக ஒன்றுதான் இருக்கிறது. ஒருமுறை அவசரத்தில் பாட்டின் துண்டு என்று நினைத்து, வெறும் அறையைப் பதிந்ததை அனுப்பிவிட்டாய். அன்று உன்னை எவ்வளவு பகிடி பண்ணினேன். இயர்போனில் ஒன்றை அவர் காதில் வைத்து, மற்றதை என் காதில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டார். "இது நான் தேங்காய் திருவிறதெல்லோ. பிள்ளையின்ரை பாட்டு எங்கை?"

நான் பதில் சொல்ல முதல் நீ சொன்னாய்: "ஓம், சொல்லு."

"என்ன தம்பி?" என்று அவர் கொட்டில் பக்கம் திரும்பினார்.

பதிவு அவ்வளவுதான். அவர் இயர்போனைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, அடுப்படியில் கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவத் தொடங்கினார்.

இன்று பள்ளிக்கூடம் போகிற மினிபஸ்ஸில் அதை மீண்டும் போட்டேன். மெசின் அடிக்கிறது. தேங்காய் திருவுகிற சத்தம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற இடம் எங்கே என்று எனக்குத் தெரிகிறது. பிறகு நீ, "ஓம், சொல்லு." உடம்பு பழக்கத்தில் மூச்சை எடுத்துவிட்டது. எடுத்த மூச்சை மெல்ல விட்டுவிட்டு, என் தரிப்பில் இறங்கினேன்.