ஆக்சிஜன் பாட்டிலும் நான் எழுதிய சீட்டும்

என் தங்க மதினிக்கு,

எச்சிலைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என்று என்னைக் கேலி செய்வீர்களே, அந்த உத்தியோகத்தில்தான் இன்னும் இருக்கிறேன். அதே காரைக்குடி ஆஸ்பத்திரி, அதே லேப், அதே ஒற்றைக் கண் மைக்ராஸ்கோப். ஆனால் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் போக இடமில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

குடல் ஆபரேஷன் முடிந்து நீங்கள் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தபோது, உங்கள் சளியை நான்தான் கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டில் தடவி வளர்த்துப் பார்த்தேன். மறுநாள் வெளிறிய புள்ளிகளாக ஒரு கிருமி மண்டிக் கிடந்தது. தண்ணீரிலும் தரையிலும் கிடக்கிற சாதுக் கிருமி, எங்கிருந்தோ தவறி விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ‘நோய்க்கிருமி இல்லை’ என்று சீட்டு எழுதிவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

“செல்வி, காய்ச்ச எறங்கவே இல்லையேத்தா. நீ பாத்ததுல என்ன இருந்துச்சு?” என்று கேட்டீர்கள்.

“ஒண்ணும் இல்ல மதினி. பேசாமத் தூங்குங்க” என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

அதே கட்டிலில் இப்போது மானகிரியிலிருந்து வந்த பாக்கியம் கிடக்கிறாள். அவளுக்கும் ஆபரேஷன், அவளுக்கும் ஆக்சிஜன், அவள் தட்டிலும் அதே வெளிறிய புள்ளிகள். இந்தத் தடவை கழுவவில்லை. மதுரையில் இப்படிப்பட்ட கிருமிகளை ஆராய்கிற ஒரு டாக்டரம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அதற்கு அசினெட்டோபாக்டர் என்று பெயராம். நல்ல உடம்பில் சும்மா இருக்கும், நலிந்த உடம்பு கிடைத்தால் நுரையீரலில் குடியேறிவிடும் என்று எழுதியிருந்தார். மருந்து தோய்த்த காகித வில்லைகளைத் தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். பெனிசிலின் வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்திருக்கிறது. இன்னும் பல மருந்துகளுக்கும் அதே கதை. புதிதாக வந்திருக்கிற ஜென்டாமைசினைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் ஒரு சின்ன வளையம் விட்டிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு மருந்தையும் வைத்தால் வளையம் பெரிதாகிறதாம். தட்டில் நடப்பது நுரையீரலிலும் நடக்குமா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பாக்கியத்துக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடினேன். கட்டில், தொட்டி, துண்டு எல்லாவற்றையும் துடைத்தெடுத்து வளர்த்தேன். கடைசியில் ஆக்சிஜன் ஈரமாவதற்காகக் குமிழியிட்டு வருகிற தண்ணீர் பாட்டிலின் அடியில் இருந்தது.

குழாய்த் தண்ணீரில் உப்புப் படிகிறதென்று, நீங்கள் படுத்திருந்த நாட்களில் அண்ணன் ஊருணித் தண்ணீரைச் சைக்கிளில் கொண்டுவந்து அந்தப் பாட்டிலில் ஊற்றினாரே, நினைவிருக்கிறதா? அதை இன்னும் நிறுத்தவில்லை. உங்கள் பெயரில் தினமும் காலையில் வந்து ஊற்றுகிறார். தண்ணீர்க் குடத்தை ஒட்டக் கவிழ்க்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். அதே பழக்கத்தில் பாட்டிலையும் அவர் ஒருநாளும் காலி செய்ததில்லை. பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீர். ஊருணித் தண்ணீரையும் வளர்த்துப் பார்த்தேன், அதில் அந்தக் கிருமி இல்லை. பாட்டிலில்தான் பெருகியிருக்கிறது. உங்கள் நாளிலேயே பெருகியிருந்ததா? உங்கள் தட்டைத்தான் நான் கழுவிவிட்டேனே, எதை வைத்துப் பார்ப்பது?

வார்டு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “அந்தச் சீட்டப் பாத்துட்டு நானும் மறுபடி பாக்கச் சொல்லலையேம்மா” என்றார். அன்று இந்த மருந்து நம் ஆஸ்பத்திரியில் இல்லை என்றும் சொன்னார். அது ஆறுதலா மதினி? இப்போது பாட்டிலைத் தினமும் கொட்டிக் கொதிக்க வைக்கிறோம், காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

அண்ணன் குடத்தோடு வார்டு வாசலில் நின்று சண்டை பிடித்தார். “யாரு வேணாம்னு சொன்னது?”

“டாக்டர் உத்தரவுண்ணே.”

“அவ பேருக்கு நான் செய்யிறது இது ஒண்ணுதான் செல்வி. இதுல என்ன தப்பக் கண்டீக எல்லாரும்?”

காரணத்தை மறைத்தே அவரைத் திருப்பி அனுப்பினேன். நேற்று நான் லேப்பில் இருந்த நேரம் பார்த்து உள்ளே போய்ப் பாக்கியத்தின் பாட்டிலை நிரப்பிவிட்டு வந்திருக்கிறார். இரண்டு நாளாக இறங்கியிருந்த அவள் காய்ச்சல் இன்று காலை மறுபடி ஏறியிருக்கிறது. அதனால்தானா, வேறெதனாலாவதா? தெரியவில்லை. பாட்டிலை மறுபடி கொதிக்க வைத்தேன். என் மனசுதான் அடங்க மாட்டேன் என்கிறது.

நாளைக் காலை அவர் வந்ததும் லேப்புக்குள் கூட்டிப்போய் உட்கார வைப்பேன். முதலில் என் சீட்டைச் சொல்வேன், அதன் பிறகுதான் பாட்டிலைச் சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். ஆயுசுக்கும் பேசாமல் போனாலும் போகட்டும். உங்களைக் கொன்றது தன் கை என்று அவர் நினைப்பதற்குள் என் கையைக் காட்டிவிடுவேன், மதினி. இது சத்தியம்.

அண்ணனுக்குத் தங்கையாகப் பிறந்து உங்களுக்கும் தங்கையாகிப்போன நாத்தனார்,
செல்வி