நாக்கின் ஓரத்தில் இருந்த வெள்ளைத் திட்டு

கையுறையை இழுத்து மாட்டும்போது வலது ஆள்காட்டி விரல் இன்னும் வலிக்கிறது. நீ கடித்த விரல். இன்று காலையும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் மாட்டினேன். செத்தும் விடமாட்டேன் என்கிறாயேடா.

நம் இரண்டு பேருக்கும் பேச்சுக்கு முன்னால் கைதான் நீளும். பள்ளிக்கூட நாளில் உப்பளம் மைதானத்தில் நீ என் உதட்டைக் கிழித்தாய், நான் உன் பல்லை உடைத்தேன். பிறகு நான் பல் டாக்டர் ஆனேன், நீ துறைமுகத்தில் மீன் ஏலம் விடப் போனாய். "நீ ஒடச்ச பல்லு, நீயே கட்டு" என்று என் நாற்காலியில் வந்து சாய்ந்தாய். ஏலம் விடும்போது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வது எனக்குத் தெரியக் கூடாதென்று, வரும்போதெல்லாம் கிராம்பு மென்றுவிட்டு வருவாய். நானும் பல்லை மட்டும் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்று தற்செயலாகத்தான் நாக்கின் இடது ஓரம் கண்ணில் பட்டது. வெள்ளைத் திட்டு, நடுவில் சிவப்பு. விரலால் அழுத்தினேன், அடியில் கெட்டியாக இருந்தது.

"வலிக்குதா?"

"இல்லடா. ரெண்டு மாசமா இருக்கு, ஒண்ணும் பண்ணல."

சாதாரணப் புண் என்றால் தொட்டதும் துள்ளியிருப்பாய். இரண்டு வாரத்தில் ஆறியும் இருக்கும். புற்றாக இருக்கலாம், துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்றேன்.

"கத்தி வெச்சா பரவிடும்டா. எங்க மாமனுக்கு அப்டித்தான் ஆச்சு."

"உங்க மாமன் நோய் முத்தனப்புறம்தான் டாக்டர்கிட்ட போனாருடா!"

எழுந்தாய். தோளை அழுத்தி உட்காரவைத்து, மறுபடி வாய்க்குள் விரலை விட்டேன். எலும்பு வரை கடித்தாய். உன் தாடையில் என் ரத்தம் வழிந்தது. முகத்திலேயே குத்தினேன். கருவித் தட்டைத் தூக்கி என்மேல் வீசினாய். வாசல்வரை சட்டையைப் பிடித்து இழுத்துப்போய், "அப்ப போய்ச் சாவுடா" என்று கத்தினேன். காத்திருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள்.

ஏழு மாதம் நீயும் வரவில்லை, நானும் தேடி வரவில்லை. எனக்கு வீம்பு. கடைசியில் வந்தபோது கழுத்தில் கட்டி. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. "இப்ப வெட்டுடா" என்றாய். பெரிய ஆஸ்பத்திரியில் பாதி நாக்கை எடுத்தும் உன்னைக் காப்பாற்ற முடியவில்லை. முதலிலேயே வந்திருந்தால் நகமளவு எடுத்திருந்தால் போதுமாம்.

இப்போது பல்வலி என்று யார் வந்தாலும், துணியால் நாக்கைப் பிடித்து இழுத்து, ஓரம், அடி, கன்னத்து உள்பக்கம் எல்லாம் பார்க்காமல் அனுப்புவதில்லை. போன வாரம் அரியாங்குப்பத்துக்காரர் ஒருவர், சதை எடுக்க வேண்டும் என்றதும், பரவிவிடும் என்று உன்னைப் போலவே கத்திக்கொண்டு கையை ஓங்கினார்.

"அடிங்கண்ணே, வாங்கிக்கிறேன். அடிச்சிட்டு உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். உன்னிடம் இதைச் சொல்லாமல் குத்தினேனேடா.